வாளித் தருமமும் நீர் உரிமையும்

செல்வந்த நாடுகளின் தொண்டர் குழுக்கள் வறிய நாட்டுக் கிராமங்களுக்கு நீர் வடிகட்டிகளைச் சுமந்து செல்வதும், அவற்றை வழங்கிவிட்டு ஒரு வாரத்தில் மீள்வதும், மீண்டபின் அவ்வனுபவத்தைத் தம் ஊரவர்க்கு எடுத்தியம்புவதும் கடந்த சில தசாப்தங்களாக ஒரு வழக்கமாகவே வளர்ந்து விட்டன. இவ்வழக்கத்துக்கு ஒரு நிலையான படமும் உண்டு. ஒரு கையில் கலங்கிய நீர் நிறைந்த குவளை. மறு கையில் தெளிந்த நீர் நிறைந்த குவளை. நடுவே புன்னகை பூத்த தொண்டர். அருகே வியப்புடன் நோக்கும் கறுப்பினக் குழந்தை. படத்தைக் காண்பவர் நெஞ்சு நெகிழ்கிறது, பணப்பை திறக்கிறது.

அந்தத் தெளிந்த நீருடன் நமக்குப் பகை இல்லை. நமது பூசல் அப்படம் சொல்லும் கதையோடுதான். ஒரு வடிகட்டி இல்லாமையே இக்கிராமத்தின் குறை. அதனைக் கொணர்ந்து கொடுத்ததும் குறை தீர்ந்தது என்று அப்படம் சொல்கிறது. குவளை நீர் கலங்கியது எவரால், அவ்வூருக்குக் குழாய் வராமற் போனது எதனால் என்ற கேள்விகள் படச்சட்டத்துக்கு வெளியே நிறுத்தப்படுகின்றன. அவ்வாறு வெளியே நிறுத்தப்பட்ட கேள்விகளை உள்ளே அழைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். பொதுப்படப் பேசுவதை விடுத்து ஒரு நாட்டையே எடுத்துக்கொள்வோம். அந்நாடு ஹெயிட்டி. 2010 ஆம் ஆண்டின் பின் இத்தகைய தொண்டர்களும் வாளிகளும் பெருமளவிற் சென்றிறங்கிய நாடு அது.

முதலிற் கருவிக்கு உரிய மதிப்பைக் கொடுப்போம். தொண்டர்கள் கொண்டு செல்வன பலவகை. மணலும் பரலும் நிரப்பிய பெட்டி ஒருவகை. அதன் மேற்படையிற் படியும் உயிர்ப்படலம் கிருமிகளைத் தடுத்தும் தின்றும் நீரைத் தூய்மையாக்கும். களிமண்ணுடன் மரத்தூளோ உமியோ கலந்து சூளையிட்ட பானை இன்னொருவகை. தூள் எரிந்து விட்டுச்சென்ற நுண்டுளைகளூடாக நீர் கசிந்திறங்கும். அண்மைக் காலத்திற் பெரிதும் பரவியது, சிறுநீரக நோயாளரின் இரத்தத்தைச் சுத்திகரிக்கப் பயன்படும் நுண்குழல்களை ஒத்த இழைகளை அடைத்த சிறிய உருளை. அதனை ஒரு பிளாஸ்டிக் வாளியின் அடியிற் பொருத்திவிட்டால், மில்லிமீற்றரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவான துளைகளூடாக நீர் இறங்கும். கொலரா எனும் வாந்திபேதியின் கிருமி அத்துளையிற் புகாது. எளிமையான, அறிவார்ந்த கண்டுபிடிப்பு அது. அதனைக் கண்டவரையும் செய்தவரையும் நாம் வணங்குகிறோம்.

ஆயின் அதன் எல்லையையும் அறிதல் வேண்டும். கிருமியைத் தடுக்கும் அவ்வுருளை, நீரிற் கரைந்த உப்பையோ ஆசனிக்கையோ வயலிலிருந்து வடிந்த நஞ்சையோ தடுக்காது. கிருமியினும் மிகச் சிறிய வைரசுகளுட் பல அதனூடாகக் கடந்துபோகும். துளைகள் அடைபடாமல் இருக்க, தூய நீரை எதிர்த்திசையிற் செலுத்தி அடிக்கடி கழுவுதல் வேண்டும். வடிந்த நீரிற் பாதுகாப்பு எதுவும் எஞ்சுவதில்லை. அழுக்கான கையோ கோப்பையோ பட்டவுடன் அது மீண்டும் மாசடையும். ஓர் உதிரிப் பாகம் உடைந்தால் அதனை விற்கும் கடை அவ்வூரில் இல்லை. கொடுத்த மாதத்திற் பாவனையில் இருந்த வடிகட்டி, ஆண்டுகள் செல்லச் செல்ல மூலையில் ஒதுங்குவது இத்துறையில் ஆராய்ச்சி செய்வோர் நன்கறிந்த செய்தி. வீட்டுநீர்ச் சுத்திகரிப்புப் பற்றிய ஆய்வுகளிலும் ஓர் உண்மை புலப்பட்டது. பொருளைப் பெற்றவரிடம், வயிற்றோட்டம் குறைந்ததா என்று கேட்டு எழுதிய ஆய்வுகள் பெரும் பயன் கண்டன. மெய்யானது எது, போலியானது எது என்பதைப் பெற்றவர் அறியாதவாறு நடத்திய சில ஆய்வுகளிலோ அப்பயன் பெரிதும் சுருங்கிற்று. தந்தவரின் முகம் வாடக்கூடாது என்று வறியவர் இனிய விடை கூறுவது உலக இயல்புதானே!

இவற்றினும் பெரிய எல்லை ஒன்று உண்டு. வாந்திபேதி என்பது மனித மலம் குடிநீரிற் கலப்பதால் வரும் நோய். வடிகட்டி, கலந்த மலத்தை வாய்க்கு மிக அண்மையில், கடைசி அடியில் நின்று தடுக்க முயல்கிறது. அது ஒரு மலகூடம் கட்டுவதில்லை. ஒரு கழிவுநீர்க் கால்வாய் வெட்டுவதில்லை. ஆற்றை மாசாக்கியவனைக் கூண்டில் ஏற்றுவதில்லை. ஆற்றைக் காப்பது அரசின் கடன் என்றிருந்த நிலையை மாற்றி, வாளியைக் காப்பது தாயின் கடன் என்றாக்கிவிடுகிறது. குழந்தை நோயுற்றால் இனிக் குற்றவாளி யார்? வடிகட்டியை ஒழுங்காகக் கழுவாத தாய்! ஒரு தேசத்தின் மீது நிகழ்ந்த அநீதி இவ்வாறு ஒரு பெண்ணின் கவனக்குறைவாகச் சுருங்கிப் போகிறது.

*

வடிகட்டியின் உண்மையான இடம் எது என்பதை ஐரோப்பாவின் வரலாறே காட்டும். 1892 ஆம் ஆண்டில் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரை வாந்திபேதி தாக்கிற்று. சில வாரங்களில் ஏறத்தாழ 8,600 பேர் மாண்டனர். அந்நகரை ஆண்டவர்கள் பெருவணிகர்கள். எல்ப் ஆற்று நீரை வடிகட்டாமலே குழாய்களில் விட்டிருந்தனர். வடிகட்டும் நிலையம் அமைக்கும் செலவை எண்ணிப் பல ஆண்டுகள் காலங்கடத்தினர். வேலை தொடங்கியபோது காலம் கடந்துவிட்டிருந்தது. ஹம்பேர்க்கை ஒட்டியே அமைந்திருந்தது அல்ரோனா என்னும் நகர். அது நீரெடுத்த இடம் ஹம்பேர்க்கின் கழிவு வந்து விழும் இடத்துக்கும் கீழே. அதனினும் அழுக்கான நீர் வேறில்லை எனலாம். ஆயினும் அல்ரோனாவின் நகராட்சி தன் நீர் முழுவதையும் மணற்படுகைகளில் வடிகட்டியே மக்களுக்கு வழங்கிற்று. இரு நகர்களுக்கும் எல்லையான தெருவில் ஒரு பக்கத்து வீடுகளிற் பிணம் விழுந்தது. மறு பக்கத்து வீடுகள் தப்பின. விசாரிக்க வந்த றொபேட் கொக் என்ற அறிஞர் இக்காட்சியையே தம் கொள்கைக்குச் சான்றாகக் கொண்டார்.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? அல்ரோனாவைக் காத்ததும் வடிகட்டிதான். ஆனால் அது நகரின் வடிகட்டி. வரிப்பணத்தில் எழுந்த வடிகட்டி. செல்வன் வீட்டுக்கும் கூலியாள் வீட்டுக்கும் ஒரே நீரை அனுப்பிய வடிகட்டி. அதனை நாள்தோறும் கழுவும் பொறுப்பு எந்தத் தாய்க்கும் இருக்கவில்லை. மேற்கு நாடுகள் வாந்திபேதியை வென்றது வீட்டுக்கு ஒரு வாளி கொடுத்தன்று. நகராட்சிகளும், நிலத்தடிக் கால்வாய்களும், பொறியியலாளரும், தொழிலாளர் தம் உரிமைக்காக எழுப்பிய குரலும் சேர்ந்து வென்ற வெற்றி அது. தமக்கு நிலையமும் பிறர்க்கு வாளியும் என்று அந்நாடுகள் இன்று வகுத்திருக்கும் பாகுபாட்டைத்தான் நாம் ஏற்க மறுக்கிறோம்.

*

ஹெயிட்டியில் ஏன் ஓர் அல்ரோனா எழவில்லை? அம்மக்கள் சோம்பேறிகள் என்பதாலா? 1791 இல் விலங்கொடித்து எழுந்து, பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்து, 1804 இல் சுதந்திரக் குடியரசை நிறுவிய அடிமைகளின் வழித்தோன்றல்கள் அவர்கள். அடிமைகளே எழுந்து அடிமைத்தளையை அறுத்து அரசொன்றை ஆக்கியமை உலக வரலாற்றில் அங்கன்றி வேறெங்கும் நிகழவில்லை. அக்குற்றத்தை அன்றைய வல்லரசுகள் மன்னிக்கவில்லை.

1825 இல் பிரெஞ்சு மன்னன் பத்தாம் சாள்ஸ் போர்க்கப்பல்களை அனுப்பி, தோட்ட முதலாளிகள் இழந்த உடைமைக்கு 150 மில்லியன் பிராங்கு நட்டஈடு கேட்டான். இழந்த உடைமை எது? அம்மனிதர்களின் உடலே! தம்மைத் தாமே விலைகொடுத்து வாங்குமாறு விடுதலை பெற்ற மக்கள் பணிக்கப்பட்டனர். 1838 இல் அத்தொகை 90 மில்லியனாகக் குறைக்கப்பட்டது. அதனைக் கட்ட வாங்கிய கடனும், கடனைக் கட்ட வாங்கிய கடனும் முற்றாகத் தீர்ந்தது 1947 இல். பாரிசின் நிலத்தடிக் கால்வாய்கள் விரிந்த அதே நூற்றாண்டில், கால்வாய் வெட்டியிருக்க வேண்டிய ஹெயிட்டியின் கோப்பிப் பணம் பாரிசின் வங்கிகளுக்குச் சென்றுகொண்டிருந்தது.

பின்னர் அமெரிக்காவின் முறை. 1914 டிசெம்பரில் அமெரிக்கக் கடற்படையினர் ஹெயிட்டியின் தேசிய வங்கியிலிருந்து ஐந்து இலட்சம் டொலர் பெறுமதியான பொன்னை எடுத்து நியூயோர்க்குக்குக் கொண்டு சென்றனர். அடுத்த ஆண்டில் நாட்டையே பிடித்தனர். 1934 வரை ஆண்டனர். 1957 முதல் 1986 வரை தந்தையும் மகனுமாக டுவாலியே குடும்பத்தினர் கொடுங்கோல் செலுத்தியபோது, பொதுவுடைமையைத் தடுக்கும் அரண் என்று வாஷிங்டன் அவர்களைத் தாங்கிற்று.

இவை பழங்கதை என்று கூறுவார் உளர். அவர்களுக்காக ஓர் அண்மைக் கதையைச் சொல்வோம். 1998 இல் அமெரிக்கக் கண்டங்களுக்கான அபிவிருத்தி வங்கி, ஹெயிட்டியின் நீர் வழங்கலுக்கும் சுகாதாரத்துக்குமென 54 மில்லியன் டொலர் கடனை அங்கீகரித்தது. வடகரையிலுள்ள போர்-த-பே நகரின் குழாய்கள் அப்பணத்திற் சீராக வேண்டியவை. 2000 ஆம் ஆண்டுத் தேர்தலில் எழுந்த பூசலைக் காரணங்காட்டி, ஜனாதிபதி அரிஸ்ரீட்டின் அரசைப் பணியவைக்கும் பொருட்டு, அமெரிக்க அரசு 2001 முதல் அக்கடன் செல்லாதவாறு தடுத்தது. உறுப்பு நாடுகளின் அரசியலில் தலையிடலாகாது என்று அவ்வங்கியின் சாசனமே விதிக்கிறது. சாசனம் ஏட்டில் இருந்தது; குழாய்கள் கிட்டங்கியில்கூட வந்து சேரவில்லை. 2004 இல் அரிஸ்ரீட் வீழ்த்தப்பட்டார். குழாய்ப் பணிகளோ இழுபட்டுக்கொண்டே சென்றன. 2008 இல் மருத்துவத் தொண்டர்களும் சட்ட அறிஞரும் சேர்ந்து இத்தடையின் கதையை ஓர் அறிக்கையாக வெளியிட்டனர். அதற்கு அவர்கள் இட்ட தலைப்பு ஹெயிட்டி மக்களின் பழமொழி ஒன்றிலிருந்து எடுத்தது. நீருக்குள் கிடக்கும் கல், வெயிலிற் கிடக்கும் கல்லின் வேதனையை அறியாது என்பது அப்பழமொழி.

குழாயை மறித்த கை எது என்பது இப்போது தெளிவு. அந்தக் கையை நோக்கி ஒரு சொல்லும் சொல்லாது, அந்த நாட்டிலிருந்தே வாளியுடன் புறப்பட்டு வருகிறது தொண்டர் படை. தொண்டரின் நெஞ்சில் வஞ்சகம் இல்லை என்பதை நாம் அறிவோம். இவ்வரலாற்றை அவருக்கு எவரும் கற்பிக்கவில்லை. கற்பிக்காமல் விட்டமை தற்செயலா என்பதே நமது வினா.

*

2010 ஆம் ஆண்டு இக்கதையின் உச்சம். ஜனவரி 12 இல் நிலநடுக்கம் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்சைத் தரைமட்டமாக்கிற்று. இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். உலகெங்குமிருந்து பணம் குவிந்தது. அவசர நிவாரணமாக வந்த பணத்தில் ஹெயிட்டி அரசின் கைக்கு நேராகச் சென்றது ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கே. எஞ்சியதை வெளிநாட்டு முகவர் நிலையங்களும் படைகளும் தொண்டு நிறுவனங்களும் கையாண்டன. நீருக்கும் சுகாதாரத்துக்குமென அந்நாடு 2009 இல்தான் ஒரு தேசிய இயக்குநரகத்தை நிறுவியிருந்தது. கம்யூன் என்னும் உள்ளூராட்சிப் பிரிவு தோறும் நீர்த் தொழினுட்பரை அமர்த்தும் எண்ணமும் அதற்கு இருந்தது. அந்த இளஞ்செடிக்கு வார்க்க வேண்டிய நீர் அருகிலிருந்த ஆயிரம் பூந்தொட்டிகளுக்கு வார்க்கப்பட்டது.

அவ்வாண்டு ஜூலை 28 இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, தூய குடிநீரும் சுகாதாரமும் மனித உரிமைகள் என்று பிரகடனஞ் செய்தது. பிரேரித்த நாடு பொலிவியா. தண்ணீரைத் தனியார்க்கு விற்ற ஒப்பந்தத்தை 2000 இல் கொச்சபம்பா நகர வீதிகளிற் போராடிக் கிழித்தெறிந்த மக்களின் நாடு அது. 122 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்து வாக்களித்த நாடு ஒன்றும் இல்லை. ஆனால் 41 நாடுகள் வாக்களியாது ஒதுங்கின. ஒதுங்கியவற்றுள் அமெரிக்கா, பிரித்தானியா, கனடா ஆகியவை அடங்கும். நீர் வடிகட்டித் தொண்டர்கள் பெருந்தொகையாகப் புறப்படும் நாடுகளும் இவையே அல்லவா? நீரைத் தானமாகத் தர ஆயத்தம். உரிமையாக ஒப்புக்கொள்ள ஆயத்தமில்லை!

மூன்று மாதம் கழியுமுன், அவ்வாண்டு ஒக்டோபரில், வாந்திபேதி வெடித்தது. நவீன மருத்துவம் ஹெயிட்டியில் அதுவரை கண்டு பதியாத நோய் அது. மிர்பலே என்னும் ஊரருகே ஐ. நா. அமைதிப்படையின் முகாம் ஒன்று இருந்தது. வாந்திபேதி நிலவிய நேபாளத்திலிருந்து வந்த படையினர் அங்கு தங்கியிருந்தனர். முகாமின் கழிவு ஒரு சிற்றாற்றிற் கலந்து, அங்கிருந்து நாட்டின் பேராறான ஆர்த்திபொனீத்தை அடைந்தது. அவ்வாற்றின் வாய்க்கால்களில் நின்றே உழவர் நெல் விளைத்தனர், அந்நீரையே பருகினர். பிரெஞ்சு நோயியலாளர் றெனோ பியரோ இவ்வழியைத் தடம்பற்றிக் காட்டினார். ஐ. நா. முதலில் மறுத்தது; பின் மழுப்பிற்று. பத்தாண்டுக்குள் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோரை அந்நோய் பற்றிற்று. ஏறத்தாழப் பத்தாயிரம் பேரைக் கொன்றது.

மாண்டவர்களின் உறவினர் நியூயோர்க்கில் வழக்குத் தொடுத்தனர். ஐ. நா.வுக்குச் சட்ட விலக்கு உண்டு என்று கூறி 2015 இல் அவ்வழக்குத் தள்ளப்பட்டது. 2016 இல் மேன்முறையீடும் தோற்றது. அவ்வாண்டு டிசெம்பரிற் செயலாளர் நாயகம் பான் கீ மூன் மன்னிப்புக் கோரினார். நோய் தோன்றியபோதும் பரவியபோதும் போதியதைச் செய்யவில்லை என்றே அவர் வருந்தினார். நோயைக் கொண்டுவந்தவர் நாமே என்ற சொல் அவர் வாயினின்றும் வரவில்லை. 400 மில்லியன் டொலர் திரட்டுவதாக அறிவித்தனர். சேர்ந்ததோ மிகச் சிறு பங்கு. 2019 இன் தொடக்கத்தோடு ஓய்ந்ததாகக் கருதிய நோய் 2022 ஒக்டோபரில் மீண்டும் தலைகாட்டிற்று.

அந்தச் சட்ட விலக்கின் நிழலில் எமது நாட்டுக்கும் இடம் உண்டு என்பதை இலங்கை வாசகர் மறத்தலாகாது. அதே அமைதிப்படையில் 2004 முதல் இலங்கைப் படையினரும் இருந்தனர். சிறுவர் சிறுமியரைப் பாலியற் கொடுமைக்கு உள்ளாக்கிய குற்றச்சாட்டின் மேல் 2007 இல் அவர்களுள் நூற்றுக்கு மேற்பட்டோர் திருப்பி அனுப்பப்பட்டனர். ஒருவரும் சிறை செல்லவில்லை என்று 2017 இல் வெளியான பத்திரிகை விசாரணை ஒன்று கூறிற்று. நீரிலே நஞ்சு கலந்தாலென்ன, குழந்தையின் வாழ்விலே நஞ்சு கலந்தாலென்ன, வெளியிலிருந்து உதவ வந்தவன் வந்த நாட்டு மக்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டியதில்லை என்பதே அந்த ஒழுங்கு. வாளித் தருமமும் இந்த ஒழுங்கின் மென்மையான முகமே.

*

இங்கு இரண்டு மறுப்புகள் எழும் என்பதை அறிவோம். முதலாவது: "அவர்கள் ஏதோ செய்கிறார்கள், குறைகூறும் நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்பது. இவ்வினாவில் உண்மையின் ஒரு கூறு உண்டு. இன்றிரவு தாகத்தோடு படுக்கும் குழந்தைக்கு, ஏகாதிபத்தியம் வீழும் வரை பொறுத்திரு என்று கூறுதல் கொடுமை. வடிகட்டியை ஏளனஞ் செய்து, வறியோரின் வயிற்றோட்டத்தைத் தம் வாதத்துக்கு வலுவாக்கும் வரட்டுப் புரட்சிக்காரர் சிலர் நம்மிடையேயும் உளர். அவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. குழாய் வரும் வரை வாளி இருக்கட்டும். நாம் கேட்பது, குழாய் வருவதற்கு அந்த வாளி வழிசெய்கிறதா, வழிமறிக்கிறதா என்பதே. "சிக்கலுக்குத் தீர்வு கிடைத்துவிட்டது, மலிவானது, ஒரு வாரத்தில் முடிவது" என்று வாளியைக் காட்டிச் செய்யும் பிரசாரம், பொது நீர்த்திட்டத்துக்குப் பணம் கேட்பவனின் வாயை அடைக்கிறது. ஏதோ செய்வது வேறு. செய்ய வேண்டியதைச் செய்யாதிருக்க ஏதோ செய்வது வேறு.

இரண்டாவது மறுப்பு: "ஹெயிட்டியின் அரசு ஊழல் மிக்கது, அதனிடம் பணத்தைக் கொடுத்தால் நீர் வருமா?" என்பது. ஊழல் உண்மை. வெனிசுவேலாவின் எண்ணெய்க் கடனுதவியாற் கிடைத்த பெருந்தொகை ஹெயிட்டியின் ஆளும் கும்பல்களால் விழுங்கப்பட்டது என்பதை நாம் மறைக்கவில்லை. ஆனால் அதன்பின் நடந்ததையும் சொல்ல வேண்டுமல்லவா? 2018 இல் ஹெயிட்டியின் இளைஞர் வீதிக்கு இறங்கி, அந்தப் பணம் எங்கே என்று ஆட்சியாளரை நோக்கிக் கேட்டனர். அரசு திருடினால் மக்கள் கணக்குக் கேட்கலாம், வீதியை நிறைக்கலாம், ஆட்சியைக் கவிழ்க்கலாம். தொண்டு நிறுவனம் அடுத்த ஆண்டு வராவிட்டால் எந்தக் கதவைத் தட்டுவது? உரிமையாகப் பெற்றவன் குறைவந்தால் முறையிடுவான். தருமமாகப் பெற்றவன் நன்றி கூறுவான். அதற்குமேல் அவனுக்கு வாய் இல்லை. 2021 இல் ஜனாதிபதி மொயிஸ் கொல்லப்பட்டு, ஆயுதக் கும்பல்கள் தலைநகரை நெரித்தபோது, வெளிநாட்டுத் தொண்டர் வருகை அருகிப் போயிற்று. அதற்காக எவரையும் குற்றஞ்சாட்டுதல் தகாது. உயிரச்சம் யாவர்க்கும் பொது. ஆனால் தேவை மிகக் கடுமையான வேளையில் வருவோரின் விருப்பத்தையும் வசதியையும் நம்பி நிற்கும் ஒன்று நீர் வழங்கல் ஆகுமா?

*

அவ்வாறாயின் உண்மையான தோழமை எப்படியிருக்கும்? அதற்கும் ஹெயிட்டியிலேயே சான்றுகள் உள. 1998 ஆம் ஆண்டுப் புயலுக்குப் பின் வந்த கியூப வைத்தியர்கள் ஒரு வாரத்தில் மீண்டவர்களல்லர். மாறிமாறி வந்தாலும் நாட்டின் பொது மருத்துவமனைகளுக்குள்ளேயே நின்று ஆண்டுக்கணக்கிற் பணிபுரிந்தனர். 2010 இல் மிர்பலே மருத்துவமனையில் வாந்திபேதியின் முதல் அலையை எதிர்கொண்டவர்களுள் அவர்களும் இருந்தனர். அத்துடன் ஹெயிட்டியின் ஏழைப் பிள்ளைகளைக் கியூபாவுக்கு அழைத்து, இலவசமாக வைத்தியம் கற்பித்து, தம் நாட்டுக்கே திருப்பி அனுப்பினர். கியூபாவும் வறிய நாடே. அதன் அரசியலிற் குறைகாண்போரும் உண்டு. எனினும் ஒரு வேறுபாட்டை எவரும் மறுக்க முடியாது. வாளி கொடுத்தவர் பெறுபவரை உண்டாக்கினார். இவர்களோ தமக்குப் பதிலாக நிற்கக்கூடிய வைத்தியரை உண்டாக்கினர்.

ஹெயிட்டியின் இலக்கியமும் இதனையே கூறியுள்ளது. அந்நாட்டுப் பொதுவுடைமைக் கட்சியை 1934 இல் நிறுவியவரும் பெரும் எழுத்தாளருமான ஜாக் றூமேன் இறந்த ஆண்டாகிய 1944 இல் அவருடைய புகழ்பெற்ற நாவல் வெளிவந்தது. பனித்துளியின் அதிபதிகள் என்று அதன் தலைப்பைத் தமிழிற் கூறலாம். கியூபாவின் கரும்புத் தோட்டங்களிற் பதினைந்தாண்டு உழைத்து, வேலைநிறுத்தத்தின் பலத்தைக் கற்று ஊர் திரும்புகிறான் மனுவேல். ஊர் வறட்சியாற் காய்ந்து கிடக்கிறது. நிலப்பகையால் இரண்டுபட்டும் கிடக்கிறது. அவன் ஊற்றொன்றைக் கண்டுபிடிக்கிறான். ஆனால் அதனை ஊருக்குக் கொணர இரு பகுதியாரும் சேர்ந்து வெட்டினாலன்றி இயலாது. கத்திக்குத்துப்பட்டு இறக்கும் தறுவாயிலும், தன்னைக் குத்தியவனின் பெயரை மறைத்துவிடுமாறு தாயிடம் வேண்டுகிறான். பழிக்குப் பழி தொடங்கினால் நீர் வராது என்பது அவனுக்குத் தெரியும். ஈற்றில் ஊர் முழுதும் கூடி வாய்க்கால் வெட்ட நீர் பாய்கிறது. கொம்பித் என்று ஹெயிட்டி உழவர் வழங்கும் கூட்டுழைப்பே அந்நாவலின் உண்மைத் தலைவன். நீர் வருமுன் ஒற்றுமை வரவேண்டும் என்று றூமேன் கண்டார். வாளியோ ஒவ்வொரு வீட்டையும் தனித்தனியே நிறுத்தி வைக்கிறது.

இது கற்பனை என்று தள்ளுவோர் 2023 ஆம் ஆண்டைப் பார்க்கட்டும். டொமினிக்கன் குடியரசின் எல்லையிலுள்ள வானமெந்த் என்னும் ஊரின் உழவர், படுகொலை ஆறு எனப் பெயர்பெற்ற எல்லையாற்றிலிருந்து தம் வயல்களுக்கு வாய்க்கால் வெட்டத் துணிந்தனர். அரசு கைவிட்டிருந்த வேலை அது. செப்ரெம்பரில் அயல் நாட்டு அரசு எல்லையையே மூடி மிரட்டிற்று. உழவர் நிறுத்தவில்லை. ஊரவர் உடலுழைப்பைத் தந்தனர். சீமெந்தும் உணவும் நாட்டின் பிற பகுதிகளிலிருந்து வந்தன. புலம்பெயர்ந்த ஹெயிட்டியர் பணம் அனுப்பினர். பிறர் கையை நோக்கி நிற்பவர்கள் என்று உலகம் படம்பிடித்து வைத்த மக்கள், தம் கையாலேயே நீரைத் திருப்பினர். அங்கே படம் பிடிக்க வேண்டிய முகம் இருந்தது; ஆனால் அது நன்றி கூறும் முகமாக இருக்கவில்லை.

*

ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவத் தோழர்களுக்கும் நாம் கூற விரும்புவது இதுதான். தொண்டு செய்யும் ஆர்வத்தை அணைத்துவிடாதீர்கள், அதற்கு அறிவூட்டுங்கள். வகுப்பறையிலே கலங்கிய நீரும் தெளிந்த நீரும் கொண்ட அந்தப் படத்தை மாணவர் முன் வையுங்கள். இந்நீர் எவ்வாறு கலங்கிற்று என்று கேட்கச் சொல்லுங்கள். ஹம்பேர்க்கையும் அல்ரோனாவையும் பற்றிச் சொல்லுங்கள். 1825 இன் கணக்கையும் 1998 இன் கடனையும் கரும்பலகையில் எழுதுங்கள். உண்டியல் குலுக்குமுன் உண்மையை அறிந்த மாணவன், உண்டியலோடு நின்றுவிட மாட்டான்.

வெளிநாட்டுத் தொண்டரிடமும் நமக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. வாளியைக் கொண்டு செல்லுங்கள். ஆனால் மீண்டு சென்றதும் உங்கள் வேலை தொடங்குகிறது என்று அறியுங்கள். குழாய்க் கடனைத் தடுத்தது உங்கள் நாட்டுத் திறைசேரி. நீர் உரிமைக்கு வாக்களியாது ஒதுங்கியது உங்கள் நாட்டுப் பிரதிநிதி. விடுதலைக்கு விலை வாங்கியவை பாரிசின் வங்கிகள். அந்தக் கதவுகளை ஹெயிட்டியின் உழவர் தட்ட இயலாது, நீங்கள் தட்டலாம். பறித்த பணத்தை மீளக் கொடு என்று கேளுங்கள். வாந்திபேதியால் மாண்டவரின் குடும்பங்களுக்கு வாக்களித்த பணத்தைச் செலுத்து என்று கேளுங்கள். ஹெயிட்டி மக்களுக்குக் கணக்குக் காட்டும் பொது நீர்ச்சபைக்குப் பணத்தைக் கொடு என்று கேளுங்கள். அவ்வாறு கேட்கும்போது உங்கள் அரசின் முகத்திற் புன்னகை இராது. உங்கள் படமும் பத்திரிகைகளில் வராது. ஆயினும் நீங்கள் அந்தக் குழந்தைக்குச் செய்யக்கூடிய தொண்டு அதனினும் பெரிதில்லை.

வெயிலிற் கிடக்கும் கல்லின் மேல் ஒரு குவளை நீரை ஊற்றுவது இரக்கம். அதனை வெயிலில் எறிந்த கையைப் பிடித்து நிறுத்துவது நீதி. இரக்கத்தை நாம் இகழவில்லை. ஆனால் நீதியின் ஆசனத்தில் அதனை அமர்த்தச் சம்மதியோம்.